உஸ்குதார் முதல் இணுவில் வரை: வைத்தியசாலைக் கட்டடங்கள்

உஸ்மானியர் என்றதும் நமக்குப் போர்களும் பள்ளிவாசல்களுமே நினைவுக்கு வருகின்றன. அவர்களுடைய வைத்தியசாலைகளைப் பற்றித் தேடிப் படித்தபோது, அந்த வரலாறு நம் யாழ்ப்பாணத்துக்கும் அதிக தூரமில்லை என்று கண்டேன்.

உஸ்மானியரின் பழைய வைத்தியசாலைக்குத் 'தாருஷ் ஷிஃபா' என்று பெயர். பள்ளிவாசலோடு ஒரே வளாகத்தில், வக்பு வருமானத்தில் நடந்தது. 1488இல் எதிர்னே நகரில் கட்டி முடிக்கப்பட்டதில் நோயாளர் அறைகள் குவிமாட மண்டபமொன்றைச் சூழ அமைந்தன, நடுவே நீரூற்று. அழகான அமைப்புத்தான், ஆனால் சிறியது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பெரும் படைகளுக்கும் நகரங்களுக்கும் அது போதவில்லை.

கிரிமியப் போரின்போது, 1854இல், இஸ்தான்புல்லின் உஸ்குதாரில் இருந்த செலிமியே படைமுகாம் பிரித்தானியப் படையின் வைத்தியசாலையானது. புளோரன்ஸ் நைற்றிங்கேல் பணியாற்றியது இங்கேதான். நீண்ட நடைகூடங்களில் படுக்கைகள் நெருங்கிக் கிடந்தன. கட்டடத்தின் அடியில் கழிவுக்கால்வாய்கள் அடைபட்டிருந்தன. போரில் பட்ட காயத்தைவிட நோயாலேயே அதிகம் பேர் இறந்தார்கள். 1855 மார்ச்சில் வந்த சுகாதார ஆணைக்குழு கால்வாய்களைத் துப்புரவாக்கிக் காற்றோட்டத்துக்கும் வழி செய்தபின் இறப்பு வெகுவாகக் குறைந்தது.

அதே ஆண்டு டார்டனெல்ஸ் கரையில் ரென்கியோய் என்ற இடத்தில், பொறியியலாளர் புரூனெல் வடிவமைத்த மர வைத்தியசாலை திறக்கப்பட்டது. இங்கிலாந்தில் துண்டுகளாகச் செய்து கப்பலில் ஏற்றிவந்து பொருத்தினார்கள். தனித்தனி விடுதிகள், நல்ல காற்றோட்டம், ஒழுங்கான வடிகால். சுமார் 1,300 நோயாளரில் இறந்தோர் 50 பேரளவே. (போரின் கொடிய மாரிகாலம் முடிந்த பின்னரே அது இயங்கியது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.)

நோய் கெட்ட காற்றால் வருகிறது என்று அன்று பலர் நம்பினார்கள். சொன்ன காரணம் பிழை. திறந்த யன்னல் சரி!

1898இல் சுல்தான் இரண்டாம் அப்துல் ஹமீதின் கைக்குழந்தை தொண்டைக்கரப்பானால் இறந்தது. மறு ஆண்டு அவர் இஸ்தான்புல்லில் திறந்த சிறுவர் வைத்தியசாலை தனித்தனிக் கட்டடங்களாக எழுந்தது. ஒரு பிள்ளையின் நோய் மற்றப் பிள்ளைக்குத் தொற்றாதிருக்க இது உதவியது.

யாழ்ப்பாணத்தில் 1850இல் அரசாங்க அதிபர் டைக்கின் முயற்சியால் இன்றைய போதனா வைத்தியசாலையின் தொடக்கம் அமைந்தது. மானிப்பாயில் வைத்தியர் சாமுவேல் கிறீன் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். ஆனால் எனக்கு முக்கியமாகப் படுவது 1898இல் இணுவிலில் பெண்களுக்கென்றே எழுந்த மக்லியொட் வைத்தியசாலை. ஆண் வைத்தியரிடம் போகத் தயங்கி வீட்டிலேயே இறந்த பெண்களுக்கு எத்தனை யன்னல் வைத்து என்ன பயன்? அவர்கள் தயங்காமல் நுழையும் வாசல் முதலில் வேண்டியிருந்தது.

போன வருடம் உம்மாவைப் பார்க்கப் போன விடுதியொன்றில், கட்டிலுக்கு நேரே இருந்த யன்னலைப் பழைய அலுமாரி ஒன்று மறைத்து நின்றது. தாதியிடம் சொன்னேன். அன்று பின்னேரமே நகர்த்திவிட்டார்கள்.