பாடத்தளத்தின் தோற்றம்

19-ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் நாகர்கோவிலில் இலண்டன் மிஷன் அச்சகம் நிறுவப்பெற்றது. ஒரே பாடத்தைப் பெரிய எழுத்தில் விரித்தும், சிறிய எழுத்தில் நெருக்கியும் அமைப்பது அச்சுக்கோப்போர் தொழில். அதனால் பாடம் மாறுவதில்லை; படிப்பதில் உள்ள எளிமையும் அருமையுமே மாறும்.

இணையவழிப் பாடத்தளத்திலும் இத்தகைய பணி உண்டு. அங்கே பாடம் ஓரிடத்திலும், அதன் நிறம், எழுத்து, இடைவெளி ஆகியவை வேறோரிடத்திலும் வைக்கப்பெறுகின்றன. பின்னதனைத் 'தீம்' என்பர். தோற்றத் தொகுப்பு எனினும் பொருந்தும்.

இத்தகைய தளங்களை அமைக்க உதவும் மென்பொருள்களுள் ஒன்று மூடில். ஆஸ்திரேலியப் பாலைநிலத்தில் வானொலி வழியே பள்ளிப் பாடம் கேட்டு வளர்ந்த மார்ட்டின் டூகியாமாஸ் என்பவர் இதனை உருவாக்கி, 2002-இல் முதற் பதிப்பை வெளியிட்டார். எவரும் விலையின்றிப் பெற்றுத் தம் தேவைக்கேற்பத் திருத்திக்கொள்ளலாம். 2016-இல் வந்த 3.2-ஆம் பதிப்பு முதல் 'பூஸ்ட்' என்னும் தோற்றத் தொகுப்பு இதனுடன் வருகிறது.

கல்குளம் வட்டத்துச் சிற்றூர் ஒன்றில், தந்தையின் கைப்பேசியை மாலையில் ஒரு மணி நேரம் மட்டும் பெறும் மாணவி ஒருத்தி இருப்பதாகக் கொள்வோம். அவள் பள்ளித்தளத்தின் தலைப்புகள், தோவாளைச் சந்தைக் கேந்திப்பூவைப் போன்ற மஞ்சளில், வெண்மையின்மேல் எழுதப்பட்டுள்ளன. பூவுக்கு அழகாகும் அந்நிறம் எழுத்துக்கு ஆவதில்லை. எழுத்துக்கும் பின்னணிக்கும் உள்ள ஒளி வேறுபாடு குறைந்தது 4.5-க்கு 1 என்னும் விகிதத்தில் இருத்தல் வேண்டும் என்பது உலக இணைய வழிகாட்டி நெறி. தூய மஞ்சளும் வெண்மையும் 1.1-ஐக்கூட எட்டா. அம்மாணவியின் ஒரு மணி நேரத்தில் பெரும்பகுதி தலைப்பைத் தேடுவதிலேயே கழியும்.

தமிழுக்கெனச் சில தேவைகளும் உள. இகரக் குறி மேலேறும். உகரக் கீற்று கீழிறங்கும். புள்ளியோ தலைமேல் நிற்கும். ஆங்கிலத்துக்குப் போதிய வரி இடைவெளி இங்குப் போதாது. வரிகள் ஒன்றையொன்று முட்டும். 'சமர்ப்பிக்கவும்' என்னும் சொல், சிறிய ஆங்கிலச் சொல்லுக்கென வகுத்த பொத்தானில் அடங்காது பிதுங்கி நிற்பதும் உண்டு. இம்மாவட்டத்தில் மலையாளம் பயில்வோரும் உளராதலின், இரண்டு மொழிகளுக்கும் ஒத்த வடிவுடைய எழுத்துருவைத் தேர்தல் நலம். நோட்டோ எழுத்துருக் குடும்பத்தில் அவ்விரண்டும் இலவசமாகக் கிடைக்கின்றன.

நிறத்தையும் பள்ளிச் சின்னத்தையும் மாற்ற, தள நிர்வாகியின் அமைப்புப் பக்கமே போதும். அதற்கு மேற்பட்ட மாற்றங்களைப் பூஸ்டின் கோப்புகளில் நேரே செய்தல் ஆகாது. அடுத்த பதிப்பை நிறுவும்போது அவை அழிந்துபோம். பூஸ்டைத் தாயாகக் கொண்ட சேய்த் தொகுப்பு ஒன்றை அமைத்து, வேறுபடுவனவற்றை மட்டும் அதில் எழுதுவர். எஞ்சியவை தாயிடமிருந்து வரும். மாற்றிய பின்னும் பழைய நிறமே தோன்றுமாயின், தளம் தன் இடைநினைவில் சேமித்துள்ள படியை நீக்கிவிட்டு, அம்மாணவி கையாளும் சிறிய கைப்பேசியிலேயே, மாலை வெயிலில், ஒருமுறை திறந்து பார்த்தல் வேண்டும்.