பழைய மடல்களுக்குப் புதிய குறியீடு

சிங்கப்பூரில் பணியாற்றிய என் பெரியப்பா, 2000 முதல் 2003 வரை அப்பாவுக்குத் தமிழிலேயே மின்னஞ்சல் எழுதி வந்தார். அவர் இன்று இல்லை. அப்பா குறுந்தகட்டில் பதிந்து வைத்திருந்த அம்மடல்களைப் பாட்டிக்குப் படித்துக் காட்ட விரும்பிக் கணிப்பொறியில் திறந்தேன். தமிழைக் காணோம், தலையில் புள்ளியும் கோடும் தாங்கிய ஐரோப்பிய எழுத்துகளே வரிசையாக நின்றன. காரணம் யாது?

அம்மடல்கள் ‘திஸ்கி’ என்னும் குறியீட்டில் அமைந்தவை. இணையத் தமிழ் ஆர்வலர்கள் 1990களின் பிற்பகுதியில் கலந்து பேசி வகுத்த முறை இது. இதில் உள்ள 256 இடங்களில் முதல் 128 ஆங்கிலத்துக்கும் எஞ்சியவை தமிழுக்கும் உரியன. அந்தப் பிற்பாதி இடங்களை ஐரோப்பிய எழுத்துகளாகக் கணிப்பொறி படித்துவிட்டது. இன்று நாம் கையாளுவதோ ஒருங்குறி. 1991-இல் வெளிவந்த அதன் முதற்பதிப்பிலேயே தமிழ் இடம்பெற்றது.

எண்ணுக்கு எண் மாற்றினால் போதாதா எனலாம். போதாது. திஸ்கி கண்ணுக்குத் தெரியும் வரிசையில் எழுத்தைச் சேமிக்கிறது. ஒருங்குறி ஒலியின் வரிசையில் சேமிக்கிறது. ‘மொழி’ என்ற சொல்லில் வரும் ‘மொ’ திஸ்கியில் ஒற்றைக்கொம்பு, ம, கால் என மூன்று குறிகள். ஒருங்குறியிலோ முதலில் ம. பின்னர் கொம்பும் காலும் இணைந்த ஒரே குறி. மாறாக, திஸ்கியில் ஒரே குறியாகிய ‘கு’ ஒருங்குறியில் இரண்டாகப் பிரியும்.

ஆகவே நான் கண்ட முறை இது:

1. அஞ்சல் வழியில் பாதுகாப்புக்காக இடப்பட்ட மேலுறைக் குறியீட்டை முதலில் நீக்க வேண்டும்.
2. கொம்புகளை இடம் மாற்றி, எழுத்துகளை ஒருங்குறியாக்க வேண்டும்.
3. மடலின் தலைப்பகுதியில் குறியீட்டின் பெயரை ‘யூ.டி.எஃப்-8’ எனத் திருத்த வேண்டும்.

இவற்றுக்கெல்லாம் முன்னதாக ஒன்றுண்டு: மூலக் கோப்பைத் தொடலாகாது. முதல் நாள் நான் பிரதி எடுக்காமலே கணிப்பொறியில் இருந்த கோப்பின்மீது மாற்றத்தைச் சேமித்துவிட்டேன்; மடல்கள் யாவும் உருக்குலைந்தன. குறுந்தகடு அழிக்க முடியாத வகையாக இருந்ததால் பிழைத்தேன்.

கல்வெட்டைப் படியெடுப்பவர் கல்லைச் செதுக்குவதில்லை. நண்பர்களே, உங்கள் வீட்டுக் குறுந்தகடுகளையும் இன்றே எடுத்துப் பாருங்கள். மாற்றிய முதல் மடலைப் படித்தபோது, “இன்னொரு தரம் படிப்பா” என்றார் பாட்டி.