பள்ளி இல்லாத ஊருக்குப் பள்ளி வந்தபோது: இந்தோனேசியக் கிராமங்கள் தரும் பாடம்

குரு, தேசா, கெபாலா, கபால். இந்த நான்கு சொற்களையும் கரும்பலகையில் எழுதி, “இவை எந்த நாட்டு மொழிச் சொற்கள்?” என்று கேட்டுத்தான் எட்டாம் வகுப்பில் இந்தப் பாடத்தைத் தொடங்குகிறேன். இந்தோனேசிய மொழியில் ஆசிரியர் ‘குரு’, கிராமம் ‘தேசா’, தலைவர் ‘கெபாலா’. ‘கபால்’ என்பது தமிழிலிருந்து அங்கு போன நம் ‘கப்பல்’. தொலைவில் இருக்கும் நாடு இந்த நான்கு சொற்களால் மாணவர்களுக்கு அருகில் வந்துவிடுகிறது.

கிராம வளர்ச்சி என்றால் என்ன என்று கேட்டால், சாலை, மின்விளக்கு, செல்போன் கோபுரம் என்று மாணவர்கள் அடுக்குவார்கள். பள்ளிக்கூடத்தைச் சொல்பவர் குறைவு. ஓர் ஊருக்குத் தொடக்கப் பள்ளி வந்தால் என்ன மாறும், அது தெரிய எத்தனை ஆண்டு ஆகும் என்பதை எண்களோடு விளக்க இந்தோனேசியக் கிராமங்கள் நல்ல எடுத்துக்காட்டு.

ஊரும் வாழ்வும்

ஜாவா தீவின் ஒரு சிற்றூரை எடுத்துக்கொள்வோம். சுற்றிலும் ‘சாவா’ எனப்படும் நீர் பாயும் நெல்வயல்கள். ஒரு தேசாவுக்குள் ‘டூசுன்’ எனப்படும் பல குக்கிராமங்கள். ஊர்த் தலைவரை மக்களே வாக்களித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள். வாய்க்கால் தூர்வாருவது, வீடு கட்டுவது, திருமண வேலை என எதுவானாலும் ஊர்கூடிச் செய்வது வழக்கம். அதற்குக் ‘கோத்தோங் ரோயோங்’ என்று பெயர். இரவுக் காவலுக்கு ஆண்கள் முறைவைத்து ஒரு சிறு குடிலில் கூடுவார்கள். அங்கே தொங்கும் மரத்தாலோ மூங்கிலாலோ ஆன ‘கெந்தோங்கான்’ ஆபத்துக் காலத்தில் ஊரை எழுப்பும். மாதம் ஒருமுறை ‘போஸ்யாண்டு’ என்ற முகாமில் ஊர்ப் பெண்களே தன்னார்வலர்களாக நின்று குழந்தைகளுக்கு எடை பார்ப்பார்கள்.

தொடக்கப் பள்ளி ஆறு ஆண்டுகள். சிவப்பும் வெள்ளையும் சீருடை. அவை நாட்டின் கொடியின் நிறங்கள். வீட்டில் ஜாவா மொழி பேசும் குழந்தை பள்ளியில் இந்தோனேசிய மொழியில் படிக்கிறது. ஐம்பது ஆண்டுகளுக்கு முன்பு இந்தச் சீருடையும் இல்லை. பல ஊர்களில் பள்ளியே இல்லை.

1973-ஆம் ஆண்டின் ஆணை

1973-இல் உலகச் சந்தையில் எண்ணெய் விலை உயரத் தொடங்கியது. எண்ணெய் ஏற்றுமதி செய்த இந்தோனேசியாவுக்குப் பெரும் வருவாய் வந்தது. அதில் ஒரு பகுதியை அரசு தொடக்கப் பள்ளிகளுக்கு ஒதுக்கியது. அதிபர் சுகார்த்தோ வெளியிட்ட ஆணையின்படி நடந்ததால், அதிபர் ஆணை என்பதன் சுருக்கமாக இப்பள்ளிகள் ‘இன்பிரஸ்’ பள்ளிகள் எனப்பட்டன. அந்தப் பெயரை இன்றும் தாங்கி நிற்கும் பள்ளிகள் கிழக்கு இந்தோனேசியாவில் பல உண்டு.

1973-74 முதல் 1978-79 வரை 61,000-க்கும் மேற்பட்ட தொடக்கப் பள்ளிகள் கட்டப்பட்டன. ஒரு பள்ளிக்கு மூன்று ஆசிரியர்கள், 120 மாணவர்கள் என்பது திட்டம். ஆசிரியர்களை நடுவண் அரசே நியமித்து ஊதியம் வழங்கியது. 1973-இல் 7 முதல் 12 வயதுக் குழந்தைகளில் 69 விழுக்காட்டினர் பள்ளியில் இருந்தனர். 1978-இல் அது 83 விழுக்காடு ஆனது. 1978-இல் தொடக்கப் பள்ளிக் கட்டணமும் நீக்கப்பட்டது.

இத்திட்டத்தில் நாம் கவனிக்க வேண்டியது, பள்ளிகளைப் பங்கிட்ட முறை. மாவட்டத்துக்கு இத்தனை என்று சமமாகக் கொடுக்கவில்லை. 1972-இல் எந்த மாவட்டத்தில் பள்ளி செல்லாக் குழந்தைகள் அதிகமோ, அந்த மாவட்டத்துக்கு அந்த அளவுக்கு அதிகப் பள்ளிகள் ஒதுக்கப்பட்டன.

எப்படி அளந்தார்கள்?

பிற்காலத்தில் அபிஜித் பானர்ஜி, மைக்கேல் கிரெமர் ஆகியோருடன் 2019-இன் பொருளாதார நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்ட எஸ்தர் டுஃப்லோ, இத்திட்டத்தைப் பற்றிய ஆய்வை 2001-இல் வெளியிட்டார். அவர் கையாண்ட முறையை எட்டாம் வகுப்பு மாணவருக்கே விளக்கலாம். 1974-இல் 2 முதல் 6 வயதில் இருந்தவர்கள் புதிய பள்ளியில் சேர முடிந்தவர்கள். அப்போது 12 முதல் 17 வயதில் இருந்தவர்கள் தொடக்கப் பள்ளி வயதைக் கடந்தவர்கள். ஒரே ஊரின் தம்பியையும் அண்ணனையும் ஒப்பிடுவது போன்றது இது. அந்த வேறுபாடு, அதிகப் பள்ளி கட்டிய மாவட்டங்களிலும் குறைவாகக் கட்டிய மாவட்டங்களிலும் எப்படி மாறுகிறது என்று பார்த்தார். 1995-இல் எடுத்த கணக்கெடுப்பில் அவர்கள் எல்லாரும் வேலைக்குப் போகும் வயதை எட்டியிருந்தனர்.

முடிவு இது: 1,000 குழந்தைகளுக்கு ஒரு பள்ளி கூடினால், சராசரிப் படிப்பு 0.12 முதல் 0.19 ஆண்டு வரை கூடியது. ஆண்களின் ஊதியம் 1.5 முதல் 2.7 விழுக்காடு வரை உயர்ந்தது.

“இவ்வளவுதானா?” என்று மாணவர்கள் கேட்பார்கள். கேட்க வேண்டும். இது மாவட்டத்தின் எல்லாரையும் சேர்த்த சராசரி. பள்ளி வராவிட்டாலும் படித்திருப்பவர், வந்தும் சேராதவர் ஆகிய இருவரும் இதில் உண்டு. சராசரி சிறிதாக இருந்தாலும், பள்ளி வந்ததால் மட்டுமே படித்த ஒரு குழந்தைக்கு அது ஐந்தாறு ஆண்டுப் படிப்பாக இருக்கலாம். கணக்குப் பாடத்தில் சராசரி நடத்தும் ஆசிரியர்களுக்கும் இது உதவும்.

அடுத்த தலைமுறை

திட்டம் தொடங்கி ஏறத்தாழ நாற்பது ஆண்டுகளுக்குப் பிறகு வேறு ஆய்வாளர்கள் அதே மக்களையும் அவர்களின் பிள்ளைகளையும் ஆராய்ந்தனர். பள்ளியால் பயனடைந்த பெற்றோரின் பிள்ளைகளும் கூடுதலாகப் படித்திருந்தனர். தாய் பயனடைந்த வீடுகளில் இந்த விளைவு பெரிதாக இருந்தது.

ஆனால் பள்ளி வந்த இடமெல்லாம் பெண் குழந்தைகளின் படிப்பு ஒரே அளவில் உயரவில்லை. 2020-இல் வெளிவந்த ஓர் ஆய்வு இதை இனக்குழு வாரியாகப் பார்த்தது. மாப்பிள்ளை வீட்டார் பெண்ணின் பெற்றோருக்குப் பரிசப்பணம் கொடுக்கும் வழக்கம் உள்ள குழுக்களில் பெண்களின் படிப்பு உயர்ந்தது. அவ்வழக்கம் இல்லாத குழுக்களில் அப்படி உயரவில்லை. படித்த பெண்ணுக்குக் கூடுதல் பரிசம் கிடைப்பதால், மகளைப் படிக்கவைப்பதில் பெற்றோருக்கும் ஒரு பயன் இருந்தது. அந்த வழக்கம் நல்லது என்று இதற்குப் பொருள் கொள்ளக் கூடாது. கட்டடமும் ஆசிரியரும் ஒன்றாக இருந்தாலும், வீட்டின் கணக்கு என்ன என்பதே ஒரு பெண் குழந்தை பள்ளிக்கு வருவதை முடிவு செய்கிறது என்பதே நமக்கு வேண்டிய செய்தி.

வகுப்பறைச் செயல்பாடுகள்

1. பெருக்கல்: 61,000 பள்ளிகள், பள்ளிக்கு 120 மாணவர்கள் என்றால் மொத்த இடங்கள் எத்தனை? (73,20,000.) பள்ளிக்கு மூவர் என்றால் ஆசிரியர்கள் எத்தனை பேர்? (1,83,000.)

2. பங்கீடு: மூன்று கற்பனை ஊர்களில் பள்ளி செல்லாக் குழந்தைகள் 240, 120, 60 பேர். கையில் ஏழு பள்ளிகள். எப்படிப் பிரிப்பீர்கள்? முதலில் குழுக்களாக விவாதிக்கட்டும். பிறகு விகிதக் கணக்கால் 4, 2, 1 என்ற விடைக்கு வரட்டும். “எல்லா ஊருக்கும் சமமாகக் கொடுத்தால் நியாயம் இல்லையா?” என்று எப்போதும் ஒரு குழு கேட்கும். அந்த விவாதத்துக்கு முழுப் பாடவேளையையும் விடலாம்.

3. நேர்காணல்: தாத்தா, பாட்டியிடம் மூன்று கேள்விகள். எத்தனை வகுப்பு படித்தீர்கள்? பள்ளி எவ்வளவு தொலைவில் இருந்தது? ஏன் நிறுத்தினீர்கள்? விடைகளை ஆண்கள், பெண்கள் என இரண்டு பத்திகளில் அட்டவணையாக்கி ஒப்பிடச் செய்யலாம்.

இன்று இந்தோனேசியாவில் பிறப்பு விகிதம் குறைந்து, பல ஊர்ப் பள்ளிகளில் மாணவர் எண்ணிக்கை சுருங்கிவிட்டது. அருகருகே உள்ள பள்ளிகளை ஒன்றாக இணைக்கிறார்கள். செலவுக் கணக்கில் இதற்குக் காரணம் உண்டு. ஆனால் இணைப்பால் கூடும் தொலைவை நடக்கப்போவது ஏழு வயதுக் குழந்தை. நேர்காணல் முடிந்த பிறகு இந்தச் செய்தியை மாணவர்களிடம் சொல்லி, “நீங்கள் அந்த ஊரின் கெபாலா தேசா. பள்ளியை இணைக்கலாமா என்று அரசு உங்களிடம் கேட்கிறது. முடிவு சொல்லும் முன் என்னென்ன விவரங்களைக் கேட்டு வாங்குவீர்கள்?” என்று வினவுங்கள். பட்டியலில் தொலைவும் பெண் குழந்தைகளின் எண்ணிக்கையும் தாமாகவே வந்தால், பாடம் மாணவர்களைச் சேர்ந்துவிட்டது என்று கொள்ளலாம்.