காலையில் முதல் சிகரெட்... அங்கேதான் இருக்கிறது முடிச்சு!

சிகரெட் உடம்புக்குக் கெடுதல் என்று நான் சொல்லித்தான் உங்களுக்குத் தெரிய வேண்டும் என்பதில்லை. பாக்கெட்டின் மேலேயே படம் போட்டு அச்சடித்திருக்கிறார்கள். அதைப் பார்த்துக்கொண்டேதான் பற்ற வைக்கிறார்கள். தெரிந்தும் ஏன் விட முடியவில்லை?

புகையிலையில் நிகோடின் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. புகையை உள்ளே இழுத்த 10 முதல் 20 விநாடிக்குள் அது மூளைக்குப் போய்ச் சேர்ந்து, டோபமைன் என்ற ரசாயனத்தைச் சுரக்க வைக்கிறது. 'ஆஹா' என்று ஒரு சுகம்! ஆனால் ரத்தத்தில் உள்ள நிகோடின் சுமார் 2 மணி நேரத்தில் பாதியாகக் குறைந்துவிடும். உடனே எரிச்சல், படபடப்பு, எதிலும் மனம் ஒட்டாமை. இன்னொன்று பிடித்தால் அடங்கும்.

'சிகரெட் பிடிச்சா டென்ஷன் குறையுது டாக்டர்' என்று பலர் சொல்கிறார்கள். அந்த டென்ஷனில் பெரும்பகுதி, போன சிகரெட் கொண்டுவந்து விட்டது என்பதுதான் உண்மை. கடன் வாங்கி வட்டி கட்டுகிற கதை இது.

உங்களை நீங்களே சோதித்துப் பாருங்கள். காலையில் கண் விழித்த அரை மணிக்குள் சிகரெட்டோ பீடியோ தேவைப்படுகிறதா? அப்படியானால் அடிமைத்தனம் ஆழமாக இருக்கிறது என்று பொருள். ராத்திரி முழுக்க நிகோடின் வடிந்து, உடம்பு காத்துக்கொண்டிருக்கிறது!

வயிறு சுத்தமாக சிகரெட்டா?

'ஒரு தம் இழுத்தாத்தான் வெளிக்கிப் போகுது' என்பது நான் அடிக்கடி கேட்கும் புகார். இதில் கொஞ்சம் உண்மை உண்டு. நிகோடின் குடலைத் தூண்டும். அதனால் நிறுத்திய முதல் சில வாரங்கள் சிலருக்கு மலச்சிக்கல் வரும். இதற்குப் பயந்தே பலர் மறுபடி ஆரம்பித்துவிடுகிறார்கள். தேவையில்லை. எழுந்ததும் இரண்டு டம்ளர் வெந்நீர், தினமும் ஒரு கீரை, கொய்யா அல்லது வாழைப்பழம், ராத்திரி படுக்கும்போது அரை ஸ்பூன் கடுக்காய்ப் பொடி வெந்நீரில். குடல் பழையபடி தானே வேலை செய்யப் பழகிக்கொள்ளும்.

இன்னொரு பயம் இருமல். 'விட்ட பிறகுதான் அதிகமா இருமறேன்' என்பார்கள். மூச்சுக்குழலில் உள்ள நுண்ணிய முடிகளைப் புகை செயலிழக்க வைத்திருக்கும். அவை மறுபடி வேலை செய்து சளியை வெளியே தள்ளுகின்றன. இது நல்ல சகுனம். ஆனால் சளியில் ரத்தம் கண்டாலோ, இருமல் வாரக்கணக்கில் நீடித்தாலோ உடனே டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

நாள் குறியுங்கள்

'கொஞ்சம் கொஞ்சமா குறைச்சுக்கறேன்' என்று வருஷக்கணக்கில் இழுக்காதீர்கள். தினம் ஒன்றே ஒன்று பிடிப்பவருக்கும், 20 பிடிப்பவருக்குக் கூடும் மாரடைப்பு அபாயத்தில் ஏறக்குறைய பாதி இருக்கிறது. ஒரு நாளைக் குறித்து, முதல் நாளே சாம்பல் கிண்ணம், லைட்டர், மிச்ச பாக்கெட் எல்லாவற்றையும் வீட்டை விட்டு அப்புறப்படுத்துங்கள். அவஸ்தை முதல் மூன்று நாள் கடுமையாக இருக்கும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் பெரும்பாலும் தணிந்துவிடும்.

ஒவ்வொரு தடவை வரும் வேட்கையும் சில நிமிடம்தான் நிற்கும். அந்த நேரத்தைத் தள்ளிப் போடுங்கள். கிராம்பு, ஏலக்காய், காய்ந்த நெல்லிக்காய் இவற்றில் ஒன்றை வாயில் அடக்கிக்கொள்ளுங்கள். பத்து தடவை மெதுவாக மூச்சை இழுத்து விடுங்கள். காபி குடித்ததும் பிடிக்கும் பழக்கம் இருந்தால், ஒரு மாதம் சுக்குமல்லிக் காபிக்கு மாறுங்கள். சிகரெட்டுக்குப் பதில் பான் மசாலா, மூலிகை சிகரெட் என்று போகாதீர்கள். மூலிகையை எரித்தாலும் தாரும் கார்பன் மோனாக்சைடும் வரும்!

சித்த மருத்துவன் என்பதால் 'விட வைக்க ஒரு லேகியம் கொடுங்க' என்று கேட்கிறார்கள். தின்றதும் சிகரெட்டை மறக்க வைக்கும் லேகியம் எதுவும் கிடையாது. கடும் அடிமைத்தனம் உள்ளவர்களுக்கு நிகோடின் சூயிங்கம், தோலில் ஒட்டும் பட்டை ஆகியவை பலன் தருகின்றன. டாக்டர் யோசனையுடன் பயன்படுத்தலாம். 1800-11-2356 என்ற தேசிய இலவசத் தொலைபேசி எண்ணிலும் ஆலோசனை கிடைக்கும்.

தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை

கணவருக்குத் தெரியாமல் சாம்பாரில் கலக்கச் சொல்லி விற்கும் பொடிகளை வாங்காதீர்கள். அதில் என்ன இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியாது. அவருக்கு வேறு மருந்து ஓடிக்கொண்டிருந்தால் ஆபத்தாகவும் முடியலாம். முதல் வாரம் அவர் சிடுசிடுத்தால் பதிலுக்குப் பதில் பேசாதீர்கள். அது நிகோடின் பேசுவது. ஒரு நாள் தவறிப் பிடித்துவிட்டால் 'உங்களால முடியாது, எனக்குத் தெரியும்' என்று சொல்லிவிடாதீர்கள். பலரும் இரண்டு, மூன்று முயற்சிக்குப் பிறகுதான் ஜெயிக்கிறார்கள். ஆனால் வீட்டுக்குள் புகை கூடாது என்பதில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். குழந்தைகளுக்கு இழுப்பும் காது நோயும் வர அந்தப் புகையும் ஒரு காரணம்.

விட்ட 20 நிமிடத்திலேயே நாடித்துடிப்பு இறங்கத் தொடங்கும். ஒரு வருடத்தில், புகையால் கூடியிருந்த இதயநோய் அபாயம் பாதியாகும். 50 வயதில் விட்டாலும் ஆயுள் கூடும். 'இத்தனை வருஷம் ஆச்சே, இனி என்ன' என்று நினைக்காமல், இன்றைக்கே காலண்டரில் ஒரு தேதியை வட்டம் போடுங்கள்.