விலங்கியல் படிப்பும் வயல் வரப்பும்

பிளஸ் டூவில் அறிவியல் படித்த பிள்ளைக்கு மருத்துவக் கல்லூரியில் இடம் கிடைக்காவிட்டால், விலங்கியலில் சேர்க்கலாமா என்ற கேள்வி பல விவசாயக் குடும்பங்களில் எழுகிறது. ஒரு காலத்தில் 'தவளை அறுக்கும் படிப்பு' என்று பெயர் வாங்கிய படிப்பு இது. அதன் பயனை அறிய வெகுதூரம் போக வேண்டியதில்லை. செங்கல்பட்டு மாவட்டத்தில், மாமல்லபுரம் செல்லும் கடற்கரைச் சாலையில் உள்ள வடநெம்மேலிக்குப் போனால் போதும்.

அங்கே 1976-ல் முதலைப் பண்ணை தொடங்கப்பட்டது. 1978-ல் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் உருவாயிற்று. அதற்கு முன் இருளர்கள் பாம்புத் தோலுக்காகப் பாம்பு பிடித்து வந்தனர். 1972-ம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்திற்குப் பின் அத்தொழில் நின்றுபோனது. பிழைப்பிழந்த அவர்களின் திறமையை விஷம் எடுக்கும் பணிக்குத் திருப்பியது இச்சங்கம்.

நல்லபாம்பு, கட்டுவிரியன், கண்ணாடிவிரியன், சுருட்டைவிரியன் ஆகிய நான்கையும் பிடித்து, சில வாரம் வைத்திருந்து, விஷம் எடுத்தபின் மீண்டும் காட்டில் விட்டு விடுகின்றனர். அந்த விஷத்தைச் சிறுகச் சிறுகக் குதிரைக்குச் செலுத்தினால், அதன் இரத்தத்தில் எதிர்ப்புச் சக்தி உண்டாகிறது. அதைப் பிரித்தெடுத்தே விஷமுறிவு மருந்து தயாராகிறது.

கல்லூரி வாசலை மிதியாத இருளர்களான வடிவேல் கோபாலுக்கும் மாசி சடையனுக்கும் 2023-ல் பத்மஸ்ரீ விருது கிடைத்தது. அவர்களுடைய அனுபவ அறிவும் ஆய்வுக்கூட அறிவும் சேர்ந்தால்தான் மருந்து உருவாகும். இரண்டாவதைத் தருவது விலங்கியல் போன்ற படிப்புகளே.

அதே சாலையில் முட்டுக்காட்டில், 1987-ல் தொடங்கிய மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனத்தின் பரிசோதனை நிலையம் உள்ளது. கொடுவா மீன் குஞ்சு உற்பத்தி அங்கே நடக்கும் பணிகளில் ஒன்று.

மூன்றாண்டுப் பட்டத்தோடு நின்றால் நல்ல வேலை எளிதில் அமையாது என்பதைப் பெற்றோர் முன்கூட்டியே அறிந்திருக்க வேண்டும். பி.எட். முடித்தால் ஆசிரியர் பணிக்கு முயலலாம். எம்.எஸ்ஸி. படித்தால் மீன்வளம், பூச்சியியல், பட்டுப்புழு ஆகிய துறைகளில் ஆராய்ச்சிக்கு வழி உண்டு. இந்திய வனப்பணித் தேர்வு எழுதவும் விலங்கியல் பட்டம் தகுதியானது. சேரும்போதே எந்த வழியில் போவது என்று தீர்மானித்துக் கொள்வது நலம்.

படித்த பிள்ளை வீட்டுக்குக் கொண்டுவர வேண்டிய முதல் பாடமும் ஒன்று உண்டு. பாம்பு கடித்தால் கடிவாயைக் கீறவோ, கயிறு கட்டவோ, மந்திரிக்கவோ கூடாது. கடிபட்ட கை காலை அசைக்காமல், உடனே அரசு மருத்துவமனைக்குக் கொண்டுபோக வேண்டும். பாம்பைத் தேடி அடிப்பதில் நேரத்தைப் போக்க வேண்டாம். இரவில் தண்ணீர் பாய்ச்சப் போகிறவர்கள் டார்ச்சும் காலணியும் இல்லாமல் வரப்பில் இறங்கக் கூடாது.