சரக்கு வண்டியின் அடிப்பாகத்தில் உப்பும் துருவும்

நம் அனுப்பர்பாளையத்துப் பட்டறைகளில் செம்பு, பித்தளைப் பாத்திரங்களுக்கு ஈயம் பூசுவதை உறுப்பினர்கள் பார்த்திருப்பீர்கள். பாத்திரத்தைச் சூடேற்றி, நவச்சாரத் தூள் தூவி, களிம்பு முழுவதும் போகத் துடைத்த பின்னரே ஈயத்தைத் தேய்ப்பார்கள். களிம்பின்மேல் ஈயம் பிடிக்காது என்பது இவ்வூரில் சிறுபிள்ளைக்கும் தெரியும். ஆனால், கடைச் சரக்கு ஏற்றும் வண்டியின் அடிப்பாகத்துக்கு வரும்போது இதே ஊரில் பலரும் நேர்மாறாக நடக்கிறார்கள். எப்.சி.க்கு முந்தைய நாள், மண்ணும் துருவும் இருந்தபடி இருக்க, அதன்மேல் கருப்புப் பெயின்ட் அடித்து நிறுத்திவிடுகிறார்கள். வண்டி பார்ப்பதற்குப் புதிதாக இருக்கும். உள்ளே இரும்பு தின்னப்பட்டுக்கொண்டிருக்கும்.

கடற்கரையே இல்லாத நம் பகுதியில் துரு ஏன் இவ்வளவு? காரணம் நாம் ஏற்றும் சரக்கிலேயே இருக்கிறது. பருத்தித் துணிக்கு ரியாக்டிவ் சாயம் ஏற்ற உப்பு வேண்டும். அடர்ந்த நிறங்களுக்கு ஒரு லிட்டர் தண்ணீருக்கு 50 முதல் 80 கிராம் வரைகூடப் போடுகிறார்கள். அந்த உப்பு மூட்டைகளும், ஹைப்போ, அசிடிக் ஆசிட், பெராக்சைடு கேன்களும் நம் சிறிய சரக்கு வண்டிகளில்தான் போய் வருகின்றன. மூட்டையிலிருந்து சிந்தும் உப்பு பலகை இடுக்கு வழியாகச் சேஸின் மேல் விழுந்து தங்கிவிடும். காற்றில் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதத்தைத் தாண்டினால் சாதாரண உப்பு தானாகவே நீரை இழுத்துக் கசியத் தொடங்கும். ஆகவே மழை பெய்யாத நாளிலும், இரவில் வண்டி நிற்கும்போதே துருவின் வேலை நடக்கிறது. காஸ்டிக் சோடாவின் போக்கு வேறு. அது இரும்பைத் தின்னாது. பெயின்டை உரித்துவிடும், அலுமினியத்தையும் துத்தநாகப் பூச்சையும் கரைத்துவிடும்.

இது நம் ஊருக்கு மட்டும் உரிய தொல்லை அல்ல. பனிக்காலத்தில் சாலையில் உப்புத் தூவும் அமெரிக்காவில், சில மாடல்களின் சேஸ் அரித்துப்போனதாகத் தொடுக்கப்பட்ட வழக்கை டொயோட்டா நிறுவனம் 2016ஆம் ஆண்டில் சமரசமாக முடித்துக்கொண்டது. ஏறத்தாழ 15 லட்சம் வண்டிகள் அதில் அடங்கின. பெரிய நிறுவனத்தின் இரும்பும் உப்புக்கு முன் இரும்புதான்.

முதல் வேலை கழுவுதல். இதில் நம் ஊருக்கே உரிய சங்கடம் ஒன்று உண்டு. திருப்பூர் வட்டாரத்தின் பல இடங்களில் போர் தண்ணீரே உப்புத் தண்ணீர். அதைக் கொண்டு வாட்டர் சர்வீஸ் செய்து வெயிலில் நிறுத்தினால், காய்ந்த பின் வெள்ளைத் திட்டாக உப்பு படிந்திருப்பதைக் காணலாம். எனவே சேற்றைப் போர் தண்ணீரில் அடித்துப் போக்கினாலும், கடைசி அலசலுக்கு மட்டுமாவது நல்ல தண்ணீர் வேண்டும். குடிநீரை வண்டிக்கு ஊற்றுவதா என்று கேட்பது நியாயமே. பிடித்து வைத்த மழைத் தண்ணீர் இருந்தால் மிகவும் நல்லது. இரண்டு மூன்று வாளி போதும். உப்போ ரசாயனமோ ஏற்றிய நாளில் சரக்குத் தளத்தை உலர்ந்த நிலையிலேயே கூட்டி அள்ளிவிட வேண்டும். தண்ணீர் ஊற்றித் தள்ளினால் அத்தனையும் இடுக்கில்தான் இறங்கும்.

மட்கார்டின் உள் மடிப்பு, ஸ்பிரிங் பட்டைகள் சேஸோடு சேரும் பிராக்கெட், குறுக்குச் சட்டங்களின் மேற்புறம், பாடி போல்ட்டுகளின் அடி ஆகிய இடங்களில் சேறு தங்கி ஈரம் காயாமல் நிற்கும். பெட்டி போன்ற சட்டங்களில் தண்ணீர் வடிவதற்குச் சிறு துளைகள் இருக்கும். அவற்றைக் கம்பி விட்டுத் திறந்து வையுங்கள். யாவற்றிலும் முக்கியம் பிரேக் பைப். பென்சிலைவிட மெல்லிய அந்த இரும்புக் குழாய் கிளிப்புக்கு அடியில்தான் முதலில் அரிக்கும். அங்கே செதில் செதிலாகத் துரு கண்டால் அதைத் தேய்த்துப் பெயின்ட் அடிக்கக் கூடாது, குழாயையே மாற்ற வேண்டும். முழுப் பாரத்தோடு அவிநாசி சாலையில் வரும்போது அது வெடித்தால், நம்மிடம் சம்பளத்துக்கு வண்டி ஓட்டும் தம்பியின் உயிர் அல்லவா போகும்!

சக்கரத்துக்கு வருவோம். ஜாக்கி மட்டும் போட்டுவிட்டு வேலை செய்யாமல், ஸ்டாண்டோ மரக்கட்டையோ கொடுத்து, மற்ற சக்கரங்களுக்கு அணை வைத்த பின்னரே நட்டைக் கழற்ற வேண்டும். வீல் நட்டின் கீழே துரு வழிந்த கோடு தெரிந்தால், அந்த நட் தளர்ந்திருக்கிறது என்று சந்தேகப்படுங்கள். ரிம்மும் ஹப்பும் முகம் சேரும் இடத்தை வயர் பிரஷால் இரும்பு தெரியத் தேய்த்துத் துடைக்க வேண்டும். அங்கே பெயின்ட் கனமாக இருக்கக் கூடாது. ஓட ஓட பெயின்ட் நசுங்கி நட் பிடி விட்டுவிடும். நடு வட்டத்தில் மட்டும் கிரீஸ் ஈரம் பட்டதுபோல் மெல்லத் தடவினால், அடுத்த முறை சம்மட்டி இல்லாமல் சக்கரம் கழலும். ஸ்டட் மரைகளில் எண்ணெயோ கிரீஸோ போடும் வழக்கத்தை விட்டுவிடுங்கள். உலர்ந்த மரைக்கென்று குறித்த இறுக்கத்தையே எண்ணெய் மரையிலும் கொடுத்தால் ஸ்டட் அளவுக்கு மீறி இழுபடும். நட்டுகளை எதிர் எதிராக இறுக்கி, ஐம்பது நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு மீண்டும் ஒருமுறை சரிபார்க்க வேண்டும். டியூப்லெஸ் டயர் என்றால் ரிம்மின் விளிம்பையும் கவனியுங்கள். அங்கே துரு ஏறினால் பஞ்சர் இல்லாமலே காற்று இறங்கும்.

பிரஷர் குழாயை ஹப்பின் சீலுக்கு நேராகப் பிடிக்கக் கூடாது. உள்ளே தண்ணீர் புகுந்தால் கிரீஸ் கெட்டு பேரிங் துருப்பிடிக்கும். டிரம்மில் உள்ள பிரேக் தூசியைக் காற்றடித்து ஊதுவதும் ஆகாது. பழைய லைனிங்குகளில் கல்நார் இருக்கலாம், ஈரத்துணியால் துடைத்தெடுங்கள். கழுவி முடித்ததும் சிறிது தூரம் மெதுவாக ஓட்டி, பிரேக்கை விட்டு விட்டு மிதித்து டிரம்மைக் காயவைக்கவும்.

இங்கே பட்டறைப் பழக்கம் ஒன்றைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பித்தளையைத் திராவகத்தில் முக்கி எடுத்தால் பளிச்சென்று ஆகிறது, அதே திராவகத்தை ரிம்முக்கும் ஊற்றினால் என்ன என்று நினைப்பவர்கள் உண்டு. துரு கரையும் என்பது உண்மை. ஆனால் இடுக்கில் தங்கும் அமிலம் மறுவாரமே புதுத் துருவைக் கிளப்பும். மேலும் கடினப்படுத்திய ஸ்பிரிங் பட்டை, போல்ட் முதலியவற்றில் அமிலம் பட்டால் ஹைட்ரஜன் உள்ளே ஏறி, பாரத்தில் திடீரென முறியவும் கூடும். பாத்திரத்துக்கு அந்த அபாயம் இல்லை. ஏனெனில் பாத்திரம் பாரம் சுமப்பதில்லை.

உதிரும் துருவை வயர் பிரஷாலும் உப்புத்தாளாலும் எடுத்து (உப்பால் வந்ததை உப்புத்தாளால் எடுக்கிறோம்!), எஞ்சியதற்குத் துரு மாற்றும் திரவம் தடவலாம். அவற்றில் பாஸ்பாரிக் அமிலமோ டானிக் அமிலமோ இருக்கும். டானிக் அமிலத்தின் வேலை நம் பழைய சாயக்காரர்களுக்குப் புதிதல்ல. கடுக்காயும் இரும்புச் சத்தும் சேர்ந்தால் கருப்பு நிறம் வரும் அல்லவா? அதே மாற்றம்தான் துருவைக் கருப்புப் படலமாக்குகிறது. நன்கு காய்ந்த பின் ரெட் ஆக்சைடு அல்லது ஜிங்க் பாஸ்பேட் பிரைமர், அதன்மேல் தார் வகை அல்லது ரப்பர் வகை அண்டர்கோட்டிங் பூசலாம். எங்கள் அபிப்பிராயத்தில், பெட்டிச் சட்டங்களின் உட்புறத்துக்கு மெழுகு வகைப் பூச்சே சிறந்தது. அது காய்ந்து வெடிக்காமல் இடுக்கில் ஊர்ந்து போகும். தார்ப்பூச்சு ஒரு இடத்தில் விரிந்துவிட்டால் தண்ணீர் உள்ளே புகுந்து வெளியேற வழியின்றி நிற்கும். பூசாமல் இருந்ததைவிட அது மோசம். ஆகையால் ஆண்டுக்கு ஒருமுறை ஸ்குரூ டிரைவர் முனையால் தட்டிப் பார்த்து, உப்பியிருந்தால் சுரண்டி மறுபடி பூச வேண்டும். பிரேக் டிரம், சைலன்சர், ரப்பர் புஷ், ஹோஸ், வடிகால் துளை ஆகியவற்றில் பூச்சு படாமல் பழைய துணியோ டேப்போ கொண்டு மூடிக்கொள்ளுங்கள். பழைய என்ஜின் ஆயிலை அடிப்பாகத்தில் தெளிப்பது மலிவுதான். ஆனால் அது ரப்பரை ஊறவைத்துக் கெடுக்கும், பிரேக் லைனிங்கில் பட்டால் பிடிமானம் போகும், சொட்டும் எண்ணெய் மண்ணில் இறங்கும். நொய்யலுக்கு நாம் இதுவரை கொடுத்தது போதும்.

2018இல் திருத்திய விதிப்படி சரக்கு வண்டிகளுக்கு எட்டு ஆண்டு வரை இரண்டு ஆண்டுக்கு ஒருமுறையும், அதன்பின் ஆண்டுதோறும் எப்.சி. எடுக்க வேண்டும். எப்.சி. தேதி எதுவாயினும், பூச்சு வேலையைப் புரட்டாசிக்குள் வைத்துக்கொள்வது நல்லது. ஐப்பசி மழை தொடங்கினால் அடிப்பாகம் காயாது. தீபாவளிச் சரக்கு ஏறத் தொடங்கிவிட்டால் வண்டி ஒரு நாள்கூடச் சும்மா நிற்காது.