கழுவியும் போகாத புரதம்

பத்தாம் வகுப்பில் இரத்தம் உறைதல் நடத்திக்கொண்டிருந்தேன். இரத்தத் தட்டுகள் சேர்வதையும் ஃபைப்ரினோஜன் ஃபைப்ரின் இழைகளாக மாறுவதையும் கரும்பலகையில் வரைந்து முடித்தபோது ஒரு மாணவி எழுந்தாள். அவளுடைய தந்தைக்கு வாரம் மூன்று முறை டயாலிசிஸ் நடப்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும்.

“டீச்சர், அந்தப் பிளாஸ்டிக் குழாய்ல போற ரத்தம் உறையாதா?”

“உறையாம இருக்க ஹெப்பாரின்னு மருந்து குடுப்பாங்கம்மா.”

அவள் உட்காரவில்லை. “நம்ம ரத்தக்குழாய்க்குள்ள மருந்து இல்லாமலே உறையலையே. பிளாஸ்டிக்ல மட்டும் ஏன் உறையணும்?”

நாளைக்குச் சொல்கிறேன் என்று அன்று தப்பித்தேன். படித்துத் தெரிந்துகொண்டது இதுதான். இரத்தக்குழாயின் உட்சுவர் உயிருள்ள செல்களால் ஆனது. உறைதலைத் தடுக்கும் பொருள்களை அவையே உண்டாக்குகின்றன. பிளாஸ்டிக்குக்கு அந்த வசதி இல்லை. இரத்தம் பட்ட சில நொடிகளிலேயே பிளாஸ்மாவின் புரதங்கள் அதன்மேல் ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டியவற்றுள் ஃபைப்ரினோஜன் இருந்தால் இரத்தத் தட்டுகள் அதைப் பிடித்துக்கொள்ளும். பஞ்சு தண்ணீரை உறிஞ்சுவது போல் புரதம் உள்ளே போவதில்லை, மேலேயே தங்குகிறது. நாம் மேல்வகுப்புகளில் பரப்பு கவர்தல் என்று நடத்துவது இதைத்தான்.

மறுநாள் இதைச் சொன்னதும் ஒரு மாணவன், “ஒட்டியிருக்குன்னு எப்படித் தெரியும்? எடை போட்டுப் பாக்கலாமா?” என்றான். நல்ல கேள்வி. சேர்ந்தே கணக்குப் போட்டோம். ஒரு சதுர மீட்டரில் ஒற்றை அடுக்காக ஒட்டும் புரதம் ஏறத்தாழ 2 மில்லிகிராம். எங்கள் ஆய்வகத் தராசு காட்டும் மிகச் சிறிய எடை 10 மில்லிகிராம். அப்படியானால் 5 சதுர மீட்டர் வேண்டும். எங்கள் கரும்பலகையே அவ்வளவு இல்லை!

எடை போட முடியாவிட்டாலும் விளைவைப் பார்க்கலாம். உணவு வாங்கி வரும் பிளாஸ்டிக் டப்பாவின் மூடியைப் பட்டைகளாக வெட்டினோம். ஒரு முட்டையின் வெள்ளைக் கருவை, சிட்டிகை உப்புப் போட்ட ஒரு டம்ளர் தண்ணீரில் கலக்கித் துணியில் வடிகட்டினோம். (சத்துணவு முட்டையைத் தொடவில்லை, கடையில் வாங்கியதுதான்.) பட்டையின் பாதியை மட்டும் பத்து நிமிடம் அதில் வைத்து, பிறகு நல்ல தண்ணீரில் நாலைந்து முறை அலசி எடுக்க வேண்டும். பார்வைக்கு இரண்டு பாதியும் ஒன்றுபோல் சுத்தமாகவே இருக்கும். மைநிரப்பியால் இரு பாதியிலும் ஒவ்வொரு சொட்டுத் தண்ணீர் விட்டால், வெறும் பிளாஸ்டிக்கில் சொட்டு உருண்டையாக நிற்கும். புரதம் பட்ட பாதியில் பரவிப் படுத்துவிடும்.

முதல் நாள் எனக்கு இது வரவில்லை. இரண்டு பாதியிலும் சொட்டு பரவியது. பட்டையைச் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுச் சரியாக அலசவில்லை. சோப்புப் படலமும் அதே வேலையைச் செய்யும் என்று பிறகுதான் உறைத்தது. அதனால் உப்புத் தண்ணீரில் மட்டும் நனைத்த பட்டை ஒன்றையும் கூடவே வையுங்கள். அதிலும் சொட்டு பரவினால் குற்றம் புரதத்தில் இல்லை. முட்டையைத் தொட்ட கைகளைச் சோப்புப் போட்டுக் கழுவச் சொல்லவும் மறக்க வேண்டாம்.

நெதர்லாந்தில் பிறந்து அமெரிக்காவில் பணியாற்றிய லியோ வ்ரோமன் 1962இல் வெளியிட்ட கட்டுரையும் இதைப் பற்றியதே. பிளாஸ்மா புரதம் ஒட்டினால் நீர் ஒட்டாத பரப்பு நனையத் தொடங்குகிறது. நன்றாக நனையும் பரப்போ முன்னளவு நனைவதில்லை. அவர் கவிஞரும்கூட. எண்ணிக்கையில் மிகுந்த, வேகமாக வரும் புரதங்கள் முதலில் இடம் பிடிக்கின்றன, பின்னால் வந்து இறுகப் பற்றுபவை அவற்றை வெளியேற்றுகின்றன என்பது இன்று வ்ரோமன் விளைவு என்று அவர் பெயரால் வழங்குகிறது. “துண்டு போட்டு இடம் பிடிச்சாலும் எழுப்பி விட்ருவாங்களா டீச்சர்?” என்று பின்வரிசையில் ஒருவன் கேட்டான். அதைவிட நன்றாக எனக்குச் சொல்ல வராது.

உண்மையிலேயே எடை போடும் கருவியும் இருக்கிறது. சுவர்க் கடிகாரத்தில் உள்ள குவார்ட்ஸ் படிகம் நொடிக்கு 32,768 முறை அதிர்கிறது. ஆய்வுக்கூடத்தில் நொடிக்கு 50 லட்சம் முறை அதிரும் படிகத்தைப் பயன்படுத்துகிறார்கள். அதன்மேல் ஏதாவது ஒட்டினால் பாரத்தால் அதிர்வு சற்றுக் குறையும். எவ்வளவு எடைக்கு எவ்வளவு குறையும் என்ற தொடர்பை ஜெர்மனியின் சவர்பிரே 1959இல் தந்தார். ஒரு சதுர சென்டிமீட்டரில் 17.7 நானோகிராம் ஏறினால் 1 ஹெர்ட்ஸ் குறையும். நம் 2 மில்லிகிராம் கணக்கை இதில் போட்டால் 200 நானோகிராம், அதாவது சுமார் 11 ஹெர்ட்ஸ். 50 லட்சத்தில் 11! மாணவர்கள் இதைத் தாங்களே வகுத்துக் கண்டுபிடிக்கட்டும். அலகு மாற்றம் படிக்க இதைவிட நல்ல கணக்கு எனக்குக் கிடைத்ததில்லை.

இதில் ஒரு சிக்கல் உண்டு. நீருக்குள் அளக்கும்போது, புரதத்தோடு சிக்கிய தண்ணீரையும் படிகம் சேர்த்தே எடை போடும். ஒளியின் முனைவாக்க மாற்றத்தைக் கொண்டு அளக்கும் எலிப்சோமெட்ரி முறையோ பெரும்பாலும் புரதத்தை மட்டும் கணக்கில் எடுக்கும். இரண்டு விடைகளும் வேறுபடும்போது எது தவறு என்று கேட்கத் தோன்றும். இரண்டுமே சரிதான், வித்தியாசம்தான் சிக்கிய தண்ணீர். அது மிகுதியாக இருந்தால் புரதம் தளர்வாக நிற்கிறது, குறைவாக இருந்தால் பரப்போடு இறுகப் படுத்திருக்கிறது.

எவ்வளவு இறுக்கம் என்பதை ஒற்றை மூலக்கூறிலேயே பார்க்க, 1986இல் பின்னிக், குவேட், கெர்பர் மூவரும் அறிமுகப்படுத்திய அணுவிசை நுண்ணோக்கி இருக்கிறது. அதன் நுண்ணிய ஊசிமுனையில் புரதத்தைக் கட்டிப் பரப்பில் தொடவிட்டு, மெல்ல இழுப்பார்கள். ஊசியைத் தாங்கும் தகடு வளைவதை லேசர் ஒளி காட்டும். பிடி விடும்போது உள்ள விசை பிக்கோநியூட்டன் கணக்கில் வரும். நியூட்டனை லட்சம் கோடிப் பங்காக்கினால் ஒரு பிக்கோநியூட்டன்.

“எதுவுமே ஒட்டாத பிளாஸ்டிக் செய்ய முடியாதா டீச்சர்?” என்று அந்த மாணவி கேட்டாள். தண்ணீரை இறுகப் பிடித்துக்கொள்ளும் பாலிஎத்திலீன் கிளைக்கால் போன்ற பூச்சுகளில் புரதம் மிகக் குறைவாகவே ஒட்டுகிறது, முழுதாக நின்றுவிடவில்லை என்றேன். அவள் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டாள். அடுத்த வாரம் ஒரு நிமிடம், ஐந்து நிமிடம், இருபது நிமிடம் என்று மூன்று பட்டைகளை நனைக்கப் போகிறோம். சொட்டைப் பக்கவாட்டில் கைப்பேசியில் படமெடுத்து, கோணமானி வைத்து அளக்கும் பொறுப்பை அவளே கேட்டு வாங்கியிருக்கிறாள்.